சளி மருந்தும் சரியான அளவும்: பெட்டியின் மேலுள்ள பெயரை மட்டும் நம்பலாமா?

ஜொகூர் மாநிலத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தோட்டத்து வாழ்க்கையின் போக்கே மாறிவிடும். நவம்பர் மாதம் முதற்கொண்டு மெர்சிங், கோத்தா திங்கி, குளுவாங், சிகாமட் ஆகிய வட்டாரங்களில் வானம் பல நாட்கள் வெளுப்பதே இல்லை. மரத்தின் பட்டை நனைந்திருக்கும் காலையில் பால் வெட்ட இயலாது. வெட்டிய பாலும் மங்கில் விழாமல் மழைநீரோடு வழிந்தோடிவிடும். இவ்வாறு மழையால் இழந்த நாட்களை எண்ணிக் கலங்கும் தொழிலாளி, வானம் சற்றே வெளுத்த காலையில், தமக்குச் சளியும் காய்ச்சலும் இருப்பினும் வீட்டில் படுத்திருக்க மனம் கொள்வதில்லை. கடையில் வாங்கிய இரண்டு மாத்திரைகளை விழுங்கிவிட்டு, உளியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு நிரைக்குப் புறப்பட்டு விடுகிறார்.

அவருடைய உழைப்பார்வத்தைக் குறைகூற எவருக்கும் உரிமை இல்லை. ஆயினும் அவர் விழுங்கிய அந்த மாத்திரைக்குள் இருப்பது என்ன? அதனை எத்தனை முறை உட்கொள்ளலாம்? வேறு எந்த மருந்தோடு அதனைச் சேர்க்கக்கூடாது? இவற்றை அவர் அறிந்திருக்கிறாரா? மருத்துவரின் சீட்டு இன்றிக் கிடைக்கும் மருந்து என்பதால் அது தீங்கற்ற மருந்து என்று பொருளாகாது. இக்கட்டுரையில் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றே ஒன்றுதான். மருந்துப் பெட்டியின் மேலே பெரிய எழுத்தில் அச்சிடப்பட்ட பெயரை விட, அதன் பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்ட உட்பொருளின் பெயரே முதன்மையானது.

சளி என்பது யாது?

சாதாரணச் சளி, கண்ணுக்குத் தெரியாத நச்சுயிரிகளால் உண்டாவது. மழையில் நனைவதால் மட்டும் அது வருவதில்லை. இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் துளிகளாலும், அவை படிந்த கைகளாலும் அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுகிறது. இருநூறுக்கும் மேற்பட்ட நச்சுயிரி வகைகள் சளியை உண்டாக்க வல்லவை. ‘புளூ’ எனப்படும் இன்புளுவென்சாக் காய்ச்சல் தனியொரு நச்சுயிரிக் குடும்பத்தால் வருவது. அது திடீரென்று தொடங்கும்; கடும் காய்ச்சலும் உடல்வலியும் மிகுந்த அசதியும் தரும்.

கடையில் கிடைக்கும் எந்தச் சளி மாத்திரையும் இந்த நச்சுயிரிகளைக் கொல்வதில்லை. அது காய்ச்சலைத் தணிக்கும், மூக்கொழுகலைக் குறைக்கும், இருமலை அடக்கும். நோயை வெல்வது நம் உடலின் சொந்த ஆற்றலே. பெரும்பாலோருக்குச் சளி ஏழு முதல் பத்து நாட்களில் தானே நீங்கிவிடும். இருமல் மட்டும் சிலருக்கு மூன்று வாரம் வரை நீடிக்கலாம். ஆகவே அதிக மாத்திரை உட்கொண்டால் விரைவில் குணமாகும் என்னும் எண்ணம் முற்றிலும் தவறானது. அவ்வாறே, பக்கத்து வீட்டாரிடம் மிஞ்சிய ‘ஆன்டிபயாட்டிக்’ மாத்திரையை வாங்கி விழுங்குவதும் பயனற்றது. அது பாக்டீரியா என்னும் வேறுவகைக் கிருமிகளுக்கு உரிய மருந்து. நச்சுயிரிச் சளியை அது தொடுவதே இல்லை.

ஒரே மருந்து, பல பெயர்

காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் நம் வீடுகளில் மிகுதியாகப் பயன்படும் மருந்து பாராசிட்டமோல். அமெரிக்க நாட்டில் இதனையே அசிட்டமினோபன் என்று அழைக்கின்றனர். நம் நாட்டில் பெனடோல் என்று ஒரு நிறுவனமும், உப்பாமோல் என்று மற்றொரு நிறுவனமும் விற்பவற்றின் உட்பொருள் இந்தப் பாராசிட்டமோலே. பெயரும் பெட்டியும் வேறு, மருந்து ஒன்று. இஃதன்றி, ‘சளிக்கும் காய்ச்சலுக்கும்’ என்று சொல்லி விற்கப்படும் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும், வெந்நீரில் கரைத்துக் குடிக்கும் தூள்கள் சிலவற்றிலும் இதே பாராசிட்டமோல் கலந்துள்ளது.

இதனால் விளையும் இடரை ஒரு கணக்கின் வழியாகக் காண்போம். ஒரு பால்வெட்டுத் தொழிலாளிக்குக் காய்ச்சலும் சளியும் சேர்ந்து வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் காய்ச்சலுக்காக 500 மில்லிகிராம் பாராசிட்டமோல் மாத்திரையை வேளைக்கு இரண்டாக, ஒரு நாளில் நான்கு வேளை உட்கொள்கிறார். மொத்தம் எட்டு மாத்திரை; அதாவது 4,000 மில்லிகிராம். உடல்நலமுள்ள பெரியவர் ஒருவர் 24 மணி நேரத்தில் உட்கொள்ளத்தக்க உச்ச அளவே இதுதான். அதே நாளில் மூக்கொழுகலுக்காக ஒரு கூட்டு மாத்திரையை வேளைக்கு இரண்டாக, மூன்று வேளை உட்கொள்கிறார். அந்த மாத்திரை ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் பாராசிட்டமோல் இருந்தால், ஆறு மாத்திரையில் மேலும் 3,000 மில்லிகிராம் சேர்கிறது. ஆக ஒரே நாளில் அவர் உடலுக்குள் சென்றது 7,000 மில்லிகிராம்!

இங்கே ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். அந்தத் தொழிலாளி எந்தப் பெட்டியின் அளவையும் மீறவில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் எழுதியிருந்த அளவிலேயே உட்கொண்டார். இரண்டு பெட்டிக்குள்ளும் இருப்பது ஒரே மருந்து என்பதை அறியாததே அவர் செய்த ஒரே பிழை.

அளவு மிகுந்தால் நேர்வது என்ன?

பாராசிட்டமோலைப் பக்குவப்படுத்தி வெளியேற்றும் பணியைச் செய்வது நம் ஈரல். அவ்வாறு செய்யும்போது அதில் ஒரு சிறு பகுதி நச்சுப்பொருளாக மாறுகிறது. அந்த நஞ்சை முறிக்க ஈரலில் குளுட்டாதியோன் என்னும் காப்புப் பொருள் உண்டு. அளவோடு உட்கொண்டால் அக்காப்புப் பொருளே போதும். அளவு மீறினால் காப்புப் பொருள் தீர்ந்துவிடும்; நஞ்சு ஈரலின் உயிரணுக்களை அழிக்கத் தொடங்கும்.

இதில் ஏமாற்றம் தரும் தன்மை ஒன்று உண்டு. முதல் நாளில் குமட்டலும் வாந்தியும் மட்டுமே தோன்றலாம். சிலருக்கு அதுவும் இராது. இரண்டாம் மூன்றாம் நாளில்தான் வலப்புற வயிற்றில் வலியும், பின்னர்க் கண்ணில் மஞ்சள் நிறமும் தோன்றும். அதற்குள் ஈரல் பெரிதும் பழுதடைந்திருக்கக்கூடும். இந்த நஞ்சை முறிக்க அசிட்டைல்சிஸ்டைன் என்னும் மாற்று மருந்து மருத்துவமனைகளில் உண்டு. அதிக அளவை ஒரே நேரத்தில் விழுங்கியவருக்கு எட்டு மணி நேரத்திற்குள் அதனைச் செலுத்தத் தொடங்கினால் மிகுந்த பயன் கிடைக்கும். ஆதலால் அளவு மீறிவிட்டது என்று தெரிந்தவுடனேயே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ‘ஒன்றும் செய்யவில்லையே, நாளை பார்ப்போம்’ என்று காத்திருத்தல் கூடாது.

மது அருந்தும் பழக்கமுடையோர் மேலும் விழிப்புடன் இருத்தல் வேண்டும். நாள்தோறும் கள்ளோ சம்சுவோ குடிப்பவரின் ஈரல் முன்னமே நலிந்திருக்கும். காப்புப் பொருளும் குறைந்திருக்கும். சரியாக உண்ணாமல் மெலிந்திருப்போருக்கும், ஈரல் நோய் உள்ளோருக்கும் இஃது பொருந்தும். மற்றவருக்குத் தீங்கு செய்யாத அளவே இவர்களுக்குத் தீங்காக முடியலாம். இவர்கள் தமக்குரிய அளவை மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டறிதல் நன்று.

உறக்கம் தரும் மாத்திரையும் விடியற்கால வேலையும்

மூக்கொழுகலையும் தும்மலையும் நிறுத்தும் மாத்திரைகள் பலவற்றில் குளோர்பெனிரமின் என்னும் மருந்து உள்ளது. இதன் உடன்பிறந்த குணம் உறக்கம் தருதல். இரவில் உட்கொண்டாலும் அதன் மயக்கம் விடியற்காலை வரை சிலருக்கு நீடிக்கும்.

பால்வெட்டுத் தொழிலாளியின் நாள் எப்பொழுது தொடங்குகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். குளிர்ந்த வேளையில் பால் நன்கு வடியும் என்பதால் பொழுது புலரும் முன்பே அவர் நிரையில் நிற்க வேண்டும். இருட்டில் மோட்டார் சைக்கிளில் செம்மண் சாலையில் செல்ல வேண்டும். பிறகு கூரிய உளியைக் கையாள வேண்டும். பாலை உறைய வைக்கும் போர்மிக் அமிலத்தையும், களைக்கொல்லி மருந்தையும் கையாள்வோர் நம்மிடையே உண்டு. கண் சொருகும் நிலையில் இவற்றுள் எதனைச் செய்தாலும் ஆபத்தே. ஆகவே உறக்கம் தரும் மாத்திரையை உட்கொண்டவர் வண்டி ஓட்டுதலையும் இத்தகைய வேலைகளையும் தவிர்க்க வேண்டும். அதனோடு மதுவைச் சேர்த்தால் மயக்கம் பன்மடங்காகும். உறக்கம் குறைவாகத் தரும் வேறு மருந்துகளும் உண்டு. வேலைக்குச் செல்ல வேண்டியவர் என்பதை மருந்தாளரிடம் சொல்லிக் கேட்டு வாங்கலாம்.

முதியோர்க்கு ஒரு சொல். சிறுநீர் எளிதில் பிரியாமல் துன்புறும் ஆடவருக்கு இம்மாத்திரை அத்துன்பத்தை மிகுதிப்படுத்தும். கண்ணழுத்த நோய் உள்ளவருக்கும் இஃது ஆகாது.

மூக்கடைப்பை நீக்கும் மாத்திரைகளில் சூடோஎபிட்ரின், பினைல்எப்ரின் போன்ற பொருள்கள் சேர்ந்திருக்கும். இவை இரத்தக் குழாய்களைச் சுருக்குவதன் மூலம் வேலை செய்கின்றன. ஆதலால் இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடும். இரத்த அழுத்தம், இருதய நோய், தைராய்டு நோய் உள்ளவர்கள் இவற்றைத் தாமாக வாங்கி உட்கொள்ளலாகாது. மூக்கில் விடும் சொட்டு மருந்தையும் மூன்று நாட்களுக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தினால் அடைப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பி வரக்கூடும்.

குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கும் தாய்மார்களுக்கு

பெரியவர்க்கு நேரும் பிழையைக் காட்டிலும் குழந்தைக்கு நேரும் பிழை கொடியது. குழந்தையின் அளவு வயதால் மட்டுமன்றி எடையாலும் கணக்கிடப்படுகிறது. பாராசிட்டமோல் ஒரு வேளைக்கு, எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 10 முதல் 15 மில்லிகிராம் என்பது பொது விதி. வேளைக்கும் வேளைக்கும் இடையே நான்கு மணி நேரமேனும் இருத்தல் வேண்டும். ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேற்படலாகாது. மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் மருந்து கொடுத்துப் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

பாராசிட்டமோல் திரவ மருந்து ஒரே செறிவில் வருவதில்லை என்பதைத் தாய்மார்கள் நினைவில் வைத்தல் வேண்டும். 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள புட்டியும் உண்டு. அதே 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் உள்ள புட்டியும் உண்டு. 12 கிலோகிராம் எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 120 முதல் 180 மில்லிகிராம் போதும். முதல் புட்டியிலிருந்து 5 மில்லிலிட்டர் கொடுத்தால் சரியான அளவு. இரண்டாம் புட்டியிலிருந்து அதே 5 மில்லிலிட்டரைக் கொடுத்தால் 250 மில்லிகிராம் சென்றுவிடும். சென்ற முறை கொடுத்த அளவையே இம்முறையும் கொடுத்தேன் என்று தாய் எண்ணுவார். ஆனால் புட்டி மாறிவிட்டது. சமையலறைக் கரண்டிகளும் ஒன்றுக்கொன்று அளவில் வேறுபடும். ஆகவே மருந்தோடு வரும் அளவுக் கிண்ணத்தையோ ஊசியில்லாக் குழலையோ மட்டுமே பயன்படுத்துங்கள்.

பாராசிட்டமோல் காய்ச்சலைத் தணிக்கும் மருந்து. இருமலுக்கும் சளிக்கும் உரிய கூட்டு மருந்துகளின் நிலை வேறு. இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கு அவற்றைக் கொடுக்கக்கூடாது என்பதும், இரண்டு முதல் ஆறு வயது வரை மருத்துவர் அல்லது மருந்தாளரின் ஆலோசனையோடு மட்டுமே கொடுக்க வேண்டும் என்பதும் நம் நாட்டு மருந்துப் பதிவு விதிகள் கூறும் எச்சரிக்கையாகும். ஆஸ்பிரின் மாத்திரையைக் காய்ச்சலுற்ற சிறுவருக்குக் கொடுக்கவே கூடாது. ரேய் நோய் என்னும், மூளையையும் ஈரலையும் தாக்கும் அரிய கொடிய நோய்க்கும் அதற்கும் தொடர்பு உண்டென்று கண்டறியப்பட்டமையால், 1986ஆம் ஆண்டிலேயே பிரிட்டனில் பன்னிரண்டு வயதிற்குட்பட்டோருக்கு அது விலக்கப்பட்டது.

காஞ்சிபுரத்திலிருந்து வந்த ஒரு பாடம்

மருந்தின் அளவு சரியாக இருந்தாலும், புட்டிக்குள் இருக்கும் பொருளே மாறியிருந்தால் என்னாகும்? இதற்குத் துயரமான விடை 2025ஆம் ஆண்டில் கிடைத்தது. இந்தியாவின் மத்தியப் பிரதேச மாநிலத்தில் சிந்துவாரா மாவட்டத்தில், சாதாரண இருமலுக்கும் சளிக்கும் மருந்து குடித்த சிறு குழந்தைகள் சிறுநீர் பிரியாமல், சிறுநீரகம் செயலிழந்து ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். இறந்தோர் தொகை இருபதைக் கடந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதிற்குட்பட்டோர்.

அக்குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்ட ‘கோல்ட்ரிப்’ என்னும் திரவ மருந்து, தமிழ்நாட்டில் காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள ஒரு தொழிற்சாலையில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2025 அக்டோபரில் அதனைச் சோதித்தபோது, டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் 48.6 விழுக்காடு இருக்கக் கண்டது. மருந்தில் இப்பொருள் 0.1 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது விதி. தொழிற்சாலையின் உரிமம் இரத்து செய்யப்பட்டது; உலக சுகாதார நிறுவனமும் எச்சரிக்கை விடுத்தது.

அந்த நஞ்சு மருந்துக்குள் எவ்வாறு புகுகிறது? திரவ மருந்தைக் கரைத்து இனிமையாக்குவதற்குக் கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் போன்ற பாதுகாப்பான பொருள்களைப் பயன்படுத்துவர். டைஎத்திலீன் கிளைக்காலும் அவற்றைப் போன்றே தெளிவாகவும் இனிப்பாகவும் இருக்கும். ஆனால் அது தொழிற்சாலைகளுக்குரிய பொருள். மருந்துக்குத் தகாத மலிவான மூலப்பொருளை வாங்கி, சோதிக்காமல் கலக்கும்போது நஞ்சும் உடன் புகுந்துவிடுகிறது. சுவையாலோ நிறத்தாலோ தாயால் அதனைக் கண்டுபிடிக்க இயலாது.

இது புதிய கொடுமையும் அன்று. 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இதே நஞ்சு கலந்த மருந்தால் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் விளைவாகவே மறு ஆண்டில் அங்கே கடுமையான மருந்துச் சட்டம் பிறந்தது. 2022ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் காம்பியாவில் ஏறத்தாழ எழுபது குழந்தைகளும், ஜொகூருக்கு மிக அண்மையிலுள்ள இந்தோனேசியாவில் ஏறத்தாழ இருநூறு குழந்தைகளும் இத்தகைய நச்சுக் கலப்பால் உயிரிழந்தனர்.

இச்செய்தியை அச்சமூட்டுவதற்காக இங்கே எழுதவில்லை. சிந்துவாராவின் தாய்மார்களுக்குத் தம் புட்டியின் உள்ளிருப்பதை அறிய வழி இல்லை. நமக்கோ ஒரு வழி உண்டு. அதனைப் பயன்படுத்தாமல் விடுதல் தகாது.

மருந்துப் பெட்டியைப் படிக்கும் முறை

மலேசியாவில் 1984ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி, விற்பனைக்கு வரும் மருந்துகள் பதிவு செய்யப்பட்டிருத்தல் வேண்டும். பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் எம், ஏ, எல் என்னும் மூன்று உரோம எழுத்துகளும், அவற்றைத் தொடர்ந்து எண்களும், இறுதியில் ஓர் எழுத்தும் இருக்கும். இறுதி எழுத்து ‘எக்ஸ்’ என்றால், அது நச்சுப்பொருள் பட்டியலில் சேராத, தாமே வாங்கத்தக்க மருந்து. ‘ஏ’ என்றால், அதில் நச்சுப்பொருள் பட்டியலில் உள்ள மருந்து அடங்கியுள்ளது. மருத்துவர் அல்லது மருந்தாளர் வழியாகவே அதனைப் பெற வேண்டும். ‘டி’ என்பது பாரம்பரிய மருந்தைக் குறிக்கும். பதிவு எண்ணோடு, ஒளி பட்டால் மின்னும் பாதுகாப்பு முத்திரையும் பெட்டியில் ஒட்டப்பட்டிருக்கும்.

இந்த எண்ணும் முத்திரையும் இல்லாத மருந்தை, எவ்வளவு மலிவாக இருப்பினும், யார் பரிந்துரைத்தாலும் வாங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் பையில் கொண்டுவந்த புட்டியும், சந்தையில் மேசைமீது பரப்பி விற்கும் மாத்திரையும், கைப்பேசி வழியாக வரவழைக்கும் சரக்கும் இவ்விதிக்கு விலக்கல்ல. ‘மூலிகை’ என்று சொல்லி விற்கப்பட்ட பதிவு பெறாத சில பொருள்களில் ஸ்டீரோய்டு போன்ற வலிய மருந்துகள் மறைவாகக் கலக்கப்பட்டிருந்ததை நம் நாட்டு அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்துள்ளனர்.

பெட்டியிலுள்ள மலாய்ச் சொற்கள் சிலவற்றையும் அறிந்து வைத்துக்கொள்வோம். ‘தாரிக் லுபுட்’ என்பது மருந்து காலாவதியாகும் நாள். ‘ஊபாட் தெர்காவால்’ என்றால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. ‘டோஸ்’ என்பது உட்கொள்ளும் அளவு. இவற்றைப் படிக்கத் தெரியாத முதியவர் வீட்டில் இருந்தால், பள்ளி செல்லும் பிள்ளையை அருகில் அமர்த்தி உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பாட்டிக்கும் பயன், பேரனுக்கும் பாடம்.

எல்லாக் காய்ச்சலும் சளிக் காய்ச்சல் அன்று

மாத்திரை காய்ச்சலைத் தணித்துவிட்டது என்பதால் நோய் தீர்ந்துவிட்டது என்று கருதலாகாது. தோட்டத்தில் வாழும் நமக்கு இது மிக முக்கியம். டிங்கிக் காய்ச்சலும் முதல் மூன்று நாட்களில் புளூவைப் போலவே தோன்றும். மூக்கொழுகல் அவ்வளவாக இல்லாமல் கடும் காய்ச்சல், கண்ணின் பின்புறம் வலி, மூட்டுவலி ஆகியவை இருந்தால் டிங்கியோ என்று ஐயுறுதல் வேண்டும். அந்நிலையில் ஆஸ்பிரின், இபுப்ரோபன், மெபனாமிக் அமிலம் ஆகியவற்றைத் தொடவே கூடாது. அவை இரத்தக் கசிவை மிகுதிப்படுத்தும். அளவோடு பாராசிட்டமோல் மட்டுமே தகும்.

டிங்கியில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. காய்ச்சல் இறங்கும் வேளையே அபாய வேளை. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே உடல் குளிர்ந்த பிறகு, கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வெள்ளம் வடிந்த பின்னர் வரும் எலிக்காய்ச்சலும் அவ்வாறே. எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் வெறுங்காலோடு நடப்போரை அது பற்றும். காய்ச்சலோடு கெண்டைக்கால் சதையில் கடும் வலி, சிவந்த கண், பின்னர் மஞ்சள் நிறம் ஆகியவை அதன் அறிகுறிகள். இந்நோய்க்கு ஆன்டிபயாட்டிக் மருந்து தேவை. சளி மாத்திரையால் நாட்களைக் கடத்தினால் சிறுநீரகமும் ஈரலும் பழுதுபடும். மருத்துவரிடம் செல்லும்போது ‘நான் தோட்டத்தில் வேலை செய்பவன், வெள்ளநீரில் நடந்தேன்’ என்று மறவாமல் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் நோயைக் கண்டறிய வழிகாட்டும்.

மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மூன்று நாட்களுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், குழந்தை பால் குடிக்க மறுத்தல், சிறுநீர் குறைதல், வலிப்பு, விழிக்க முடியாத உறக்கம் ஆகிய எதுவும் வீட்டு மருத்துவத்திற்கு உரியதன்று.

கைவைத்தியம் பற்றிச் சில சொற்கள்

சுக்கும் மிளகும் கொத்தமல்லியும் இட்டுக் காய்ச்சிய கசாயமும், வெந்நீரும், உப்புநீரால் கொப்பளித்தலும், நல்ல ஓய்வும் பெரியவர்களின் சளிக்கு இதமளிப்பவை. இவற்றை விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கலாகாது. அரிதாயினும் கொடிய பொட்டுலிசம் என்னும் நச்சு நோய் அதனால் வரலாம். அவ்வாறே, கற்பூரம் கலந்த எண்ணெயையும் தைலத்தையும் கைக்குழந்தையின் மார்பிலோ மூக்கிலோ தடவுதல் தவறு. கற்பூரத்தைக் குழந்தை விழுங்கிவிட்டால் வலிப்பு உண்டாகும். பூசைத் தட்டிலுள்ள கற்பூரக் கட்டியையும் குழந்தையின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

உதவி எங்கே கிடைக்கும்?

முற்காலத்தில் பெரிய தோட்டங்களில் மருத்துவமனையும் டிரெஸரும் இருந்தனர். காய்ச்சல் என்றால் தோட்டத்து மருத்துவமனைக்குச் சென்று, அவர் ஊற்றித் தரும் கலவை மருந்தை வாங்கி வருவது நம் பெற்றோரின் வழக்கம். அந்தக் கலவைக்குள் என்ன இருந்தது என்று அவர்கள் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை, ஏனெனில் அளவைக் கணக்கிட ஒருவர் இருந்தார். இன்று அத்தகைய மருத்துவமனைகள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. கணக்கிடும் பொறுப்பு நம் கைக்கு வந்துவிட்டது.

ஆயினும் நாம் தனித்து விடப்படவில்லை. அரசாங்கச் சுகாதார மருந்தகங்களில் மலேசியக் குடிமக்கள் ஒரு வெள்ளிக் கட்டணத்தில் மருத்துவரைக் கண்டு மருந்தும் பெறலாம். பட்டணத்து மருந்தகத்தில் பணிபுரியும் மருந்தாளரிடம் ஆலோசனை கேட்பதற்குக் கட்டணம் இல்லை. ‘எனக்கு இரத்த அழுத்தம் உண்டு, இந்த மாத்திரையும் உட்கொள்கிறேன், விடியற்காலையில் வண்டி ஓட்ட வேண்டும்’ என்று உள்ளதை உள்ளவாறு சொன்னால், உங்களுக்கேற்ற மருந்தை அவர் எடுத்துத் தருவார். தவறுதலாக மருந்தை அதிகமாக உட்கொண்டுவிட்டால், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தை 1-800-88-8099 என்னும் எண்ணில் அழைத்து ஆலோசனை பெறலாம். நிலைமை கடுமையாக இருந்தால் 999 எண்ணை அழையுங்கள். மருத்துவமனைக்குச் செல்லும்போது உட்கொண்ட மருந்தின் பெட்டியையும் புட்டியையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.

இறுதியாக

தோட்டங்களுக்குச் செல்லும்போது பல வீடுகளின் அலமாரிகளில் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் காண்கிறேன். அதற்குள் பெட்டி இழந்த மாத்திரை அட்டைகளும், பாதி காலியான புட்டிகளும், எவருக்கு எப்போது வாங்கியது என்று தெரியாத வில்லைகளும் கலந்து கிடக்கின்றன. இன்று மாலையே அந்த டின்னைத் திறந்து பாருங்கள். நாள் கடந்தவற்றையும் பெயர் தெரியாதவற்றையும் தனியே பிரித்து, அருகிலுள்ள அரசாங்க மருந்தகத்தில் ஒப்படையுங்கள். எஞ்சியவற்றின் சிறிய எழுத்துகளைப் படித்து, எவற்றிலெல்லாம் பாராசிட்டமோல் இருக்கிறதோ அவற்றின்மீது ஓர் அடையாளமிடுங்கள். அடையாளமிட்ட இரண்டினை ஒரே நாளில் சேர்த்து உட்கொள்ளாதீர்கள். அதன்பின் அந்த டின்னைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முன்னோர் வாக்கு. அளவை அறிய வேண்டுமாயின், உள்ளிருப்பது அமிர்தமா என்பதை முதலில் அறிய வேண்டும். மழை நின்றதும் மரங்கள் மீண்டும் பால் சுரக்கும். இழந்த ஒரு நாள் கூலியை மறுநாள் ஈட்டிக்கொள்ளலாம். பழுதடைந்த ஈரலையும் இழந்த குழந்தையையும் அவ்வாறு மீட்டுக்கொள்ள இயலுமா?